வட ஆர்க்காட்டின் கடைசி வெக்கை



மொழிபெயர்ப்பாளன் ஒருவனுக்குச் சில நாட்களில் ஒரே ஒரு சொல் முழுப்பொழுதையும் விழுங்கிவிடுவதுண்டு. மைய அரசின் அலுவலகம் ஒன்றில் ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கும் பணியில் இருக்கும் எனக்கு, கால்நடை நோய்களைப் பற்றிய சுற்றறிக்கை ஒன்று ஒருமுறை வந்து சேர்ந்தது. அதில் ‘ரிண்டர்பெஸ்ட்’ என்ற பெயர் ஓரிடத்திலும், ஆடுகளைத் தாக்கும் வேறொரு நோயின் பெயர் பிறிதோரிடத்திலும் காணப்பட்டன. எனக்கு முன்பிருந்தவர் விட்டுச்சென்ற பழைய கோப்பில் இவ்விரண்டுக்குமே ‘கொள்ளைநோய்’ என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது. நான் கலைப்பட்டம் பெற்றவன், மருத்துவம் கற்றவனல்லேன். அகராதிகளைப் புரட்டிச் சலித்திருந்த வேளையில், என் பாட்டியாரின் வாயிலிருந்து இளமையில் கேட்ட ஒரு சொல் திடீரென நினைவில் எழுந்தது. வெக்கை! ஆம், ரிண்டர்பெஸ்ட் என்னும் அந்த மாட்டு நோய்க்கு நம் நாட்டுப்புறத்தார் என்றோ பெயரிட்டுவிட்டனர். காய்ச்சலின் வெம்மையால் மாடு கொதித்துப்போவதைக் கண்டு இட்ட பெயர் அது போலும்.

அச்சொல்லை எழுதி முடித்த அன்றே, அந்த நோயின் வரலாற்றையும் அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் உண்டாயிற்று. அவ்வாறு தேடிப் படித்ததில் நான் கண்ட செய்தி ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இன்று இவ்வுரையை எடுத்துக்கொண்டேன்.

என் ஊர் கங்காதர நெல்லூர். சித்தூரிலிருந்து புத்தூருக்குச் செல்லும் சாலையில் உள்ளது. நீவா நதி பாயும் நிலம்; நதி என்று சொன்னேனே தவிர, ஆண்டின் பெரும்பகுதியில் அதில் மணலே மிகுதி. எங்கள் பக்கத்து மக்கள் வீட்டிற்குள் தமிழும் சந்தையில் தெலுங்குமாகப் பேசிப் பழகியவர்கள். மும்பையிலும் டில்லியிலும் வாழும் தமிழர் பலர் ‘சித்தூரா, அது ஆந்திரமாயிற்றே’ என்பார்கள். உண்மைதான். ஆயினும் 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்படும் வரை, அப்பகுதி வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தே இருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரும் சித்தூரே. ஆகையால் வட ஆர்க்காடு என்று நான் சொல்லும்போது இன்றைய வேலூரையும் இராணிப்பேட்டையையும் மட்டுமன்று, எங்கள் ஊரையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். மாட்டு நோய்க்கு மாவட்ட எல்லையும் மாநில எல்லையும் தெரியமாட்டா.

அந்நிலத்தில் மாடு என்பது எத்தகைய செல்வமாக இருந்தது என்பதை நகரத்தில் வாழும் நாம் மறந்துவிட்டோம். வற்றாத ஆறு இல்லை. ஏரிகளோ மழையை நம்பியவை. ஆகவே கிணறே உயிர். மின்சார இறைப்பான்கள் வருமுன், கிணற்றுநீரை மேலே கொணர்ந்தது கவலை. தோலினாலோ தகரத்தினாலோ ஆன பெரிய சாலைக் கயிற்றில் கட்டி, இணை மாடுகளைச் சரிவான பாதையில் முன்னும் பின்னும் நடத்தி நீர் இறைப்பார்கள். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை அம்மாடுகள் நடக்கும். கரும்பு பிழியும் ஆலைக்கும் அவையே, வண்டிக்கும் அவையே, ஏருக்கும் அவையே. 1940-களில் என் பாட்டனாரின் கவலை மாடுகள் இரண்டும் ஒரே வாரத்தில் வெக்கையால் மடிந்தனவாம். கிணற்றில் நீர் இருந்தது, பயிர் நின்றது, இடையில் மாடு இல்லை. அவ்வாண்டு பக்கத்து வீட்டார் தம் மாடுகளை இரண்டு நாளைக்கு ஒருமுறை இரவல் தந்தனர். அதற்கு ஈடாக என் பாட்டனாரும் அவர் தம்பியும் அவர்கள் நிலத்தில் கூலியின்றி உழைத்தனர். பாதிக் கரும்பு கருகிற்று. கவலை ஓட்ட மாடில்லாத வீட்டில் வேறு கவலைக்குப் பஞ்சமில்லை என்று பாட்டியார் சொல்லிச் சிரிப்பார். சிரிக்க அவருக்கு முப்பது ஆண்டுகள் ஆயின என்பதையும் நான் சொல்லவேண்டும்.

வெக்கை கண்ட மாட்டுக்கு முதலில் கடுங்காய்ச்சல். பிறகு கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து சீழாகத் திரியும். வாயினுள்ளும் ஈறுகளிலும் தவிடு தூவினாற்போலத் தோன்றிப் பின் புண்ணாகும். அதன்பின் துர்நாற்றமுள்ள கழிச்சல் தொடங்கும். ஒரு வாரம் அல்லது பத்து நாளில் மாடு எலும்பும் தோலுமாகிச் சாயும். வாய்ப்புண் என்ற அளவில் கோமாரியும் இதனை ஒத்ததே. ஆயின் கோமாரியில் குளம்பிடையிலும் புண் கண்டு மாடு நொண்டும். வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வெக்கையில் நொண்டுதல் இல்லை, பிழைத்தலும் அரிது. இந்த வேறுபாட்டைப் படிப்பறியாத எங்கள் முதியோர் நன்கு அறிந்திருந்தனர். கோமாரி என்றால் வேப்பெண்ணெயைத் தேடுவார்கள். வெக்கை என்றால் கங்கம்மனைத் தேடுவார்கள். மருந்து எங்குமே இல்லாத காலத்தில் இதனைப் பேதைமை என்று இகழ எனக்கு மனம் வரவில்லை.

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மாட்டு மந்தைகளை இது சூறையாடிற்று. 1762-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கப் பெற்றதற்கும் இந்நோயின் கொடுமையே முதன்மையான காரணங்களுள் ஒன்று. 1880-களின் இறுதியில் ஆப்பிரிக்காவில் புகுந்து, எத்தியோப்பியா முதல் தென்கோடி வரை மாட்டினத்தையே ஏறத்தாழ அழித்துப் பெரும் பஞ்சத்தை விளைத்தது. இந்தியாவில், மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய அமைக்கப்பெற்ற ஹாலன் என்பார் தலைமையிலான குழு 1871-இல் தன் அறிக்கையை அளித்தது. 1889-இல் புனாவில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டு, கொடிய கிருமிகளை மக்கள் நெருக்கமுள்ள ஊரில் வைத்துக்கொள்ளுதல் தகாது என்பதனால் 1893-இல் குமாவோன் மலையிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. காசநோய்க் கிருமியைக் கண்ட ராபர்ட் காக், 1897-இல் அங்கு வந்து வெக்கையைப் பற்றி ஆலோசனை கூறினார்.

தெற்கே, சென்னை வேப்பேரியில் 1903-இல் மிருக வைத்தியக் கல்லூரி தொடங்கிற்று. 1935-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்தில் பட்டம் வழங்கும் கல்லூரியாயிற்று. மிருக வைத்தியர் என்றதும் அந்நாளில் நாட்டுப்புறத்தார் மனத்தில் தோன்றியது கத்தியே. வயிறு உப்பி மூச்சுத் திணறும் மாட்டின் இடப்புற விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் குழலோடு கூடிய ஊசியைக் குத்தி வாயுவை வெளியேற்றினால், சாகக் கிடந்த மாடு கால்நாழிகையில் எழுந்து நிற்கும். தீவனத்தோடு ஆணியையும் கம்பியையும் விழுங்கிய பசுவின் முதல் இரைப்பையைத் திறந்து அவற்றை எடுத்துத் தைத்துவிடுவார்கள். பக்கத்திலிருந்து காண்போருக்கு இது மாயவித்தையாகவே தோன்றும். ஆனால் வெக்கையின் முன் அந்தக் கத்தி பயனற்றுப் போயிற்று. அங்கே வேண்டியிருந்தது வருமுன் காக்கும் வழி.

அவ்வழி முதலில் மிகவும் இடர் நிறைந்ததாக இருந்தது. நோயுற்ற மாட்டின் குருதியையும், நோயிலிருந்து பிழைத்த மாட்டின் சீரத்தையும் ஒருங்கே செலுத்துவார்கள். அளவு சிறிது தவறினும், காக்க வந்த ஊசியே நோயைத் தந்துவிடும். செலவும் மிகுதி. 1920-களின் பிற்பகுதியில் முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்னும் ஆய்வாளர் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். வெக்கைக் கிருமியை வெள்ளாட்டின் உடலில் செலுத்தி, அதிலிருந்து அடுத்த வெள்ளாட்டுக்கும், அதிலிருந்து மற்றொன்றுக்குமாக நூற்றுக்கணக்கான முறை மாற்றி மாற்றிச் செலுத்தி வந்தார். ஆட்டுடம்பில் வாழப் பழகிய அக்கிருமி மாட்டின்பால் தன் கொடுமையை இழந்துவிட்டது. மாட்டுக்கு அதைச் செலுத்தினால் இலேசான காய்ச்சலோடு ஒழியும். வாழ்நாள் முழுதும் வெக்கை அணுகாது. வெள்ளாட்டின் மண்ணீரலே மருந்தாயிற்று. ஓர் ஆட்டின் உயிர் மாடுகள் பலவற்றின் உயிரைக் காத்தது. இவ்வரலாற்றில் வெள்ளாடு மீண்டும் ஒருமுறை வரும், அப்போது வேறு வேடத்தில். ஆதலால் இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மாகாணத்தின் சீரம் நிலையம் 1932-இல் சென்னையில் தொடங்கி, 1948-இல் இராணிப்பேட்டைக்கு மாற்றப்பட்டது. அதுவே இன்றைய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம். எங்கள் ஊருக்கும் இராணிப்பேட்டைக்கும் இடையே வழி அதிகமில்லை. ஆகவே மருந்து பிறந்த இடத்தின் வாயிற்புறத்திலேயே நாங்கள் வாழ்ந்தோம் எனலாம்.

நாடு விடுதலை பெற்றபோது நிலைமை எவ்வாறிருந்தது? ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சம் மாடுகள் வெக்கைக்கு ஆளாயின. அவற்றுள் பாதி இறந்தன. 1954-இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கப் பெற்றது. மாட்டினத்தின் பெரும்பகுதிக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் தங்க இடமின்றி ஒழியும் என்பதே திட்டத்தின் கருத்து. சொல்வது எளிது. ஊசி மருந்தோ வெப்பம் பட்டால் கெடும். பனிக்கட்டி நிறைத்த குடுவையில் அதை வைத்து, பேருந்திலும் மிதிவண்டியிலும் சுமந்து, பிறகு வரப்பின்மேல் நடந்து சென்றனர் கால்நடை ஆய்வாளர்கள். மந்தைவெளியில் மாடுகளை நிறுத்தி வைக்கும்படி முதல்நாள் தண்டோரா போட்டிருப்பார்கள். ஊசி போட்டால் பால் வற்றும், சினை கலையும் என்று அஞ்சிப் பசுக்களைக் கொல்லைப்புறத்தில் மறைத்து வைப்போரும் உண்டு. அவ்வச்சத்தில் சிறிது நியாயமும் இருந்தது. நாட்டு மாடு தாங்கிக்கொண்ட ஆட்டு மருந்தைக் கலப்பினப் பசுக்கள் எளிதில் தாங்கவில்லை. இக்குறையை நீக்கியவர் வால்ட்டர் பிளௌரைட். கென்யாவில் பணியாற்றிய அவர், உயிரணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்து அவற்றில் கிருமியை வலுவிழக்கச் செய்த புதிய மருந்தை 1960-களின் தொடக்கத்தில் அளித்தார். எல்லா இன மாடுகளுக்கும் எவ்வயதிலும் தீங்கின்றி அதனைச் செலுத்த முடிந்தது. இதற்காக 1999-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

வடக்கே மாநிலங்கள் பலவற்றில் நோய் அருகிற்று. ஆனால் தீபகற்பத்தின் தென்பகுதியில் மட்டும் அது விடாப்பிடியாக நின்றது. எத்தனை ஊசி போட்டும் எங்கோ ஓரிடத்தில் தலைகாட்டும்; அடங்கும்; மீண்டும் தோன்றும். காரணம் என்ன? சந்தைக்குச் சந்தை மாடுகள் நடந்து செல்வது ஒன்று. நோய் அருகியதும் ஊக்கம் தளர்வது மனித இயல்பு; அது மற்றொன்று. மூன்றாவதாக ஓர் ஐயம் எழுந்தது. தென்னாட்டில் செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும் வெக்கையைப் போன்ற நோயால் மந்தை மந்தையாக மடிந்தன. அதே காய்ச்சல், அதே வாய்ப்புண், அதே கழிச்சல். எனவே ஆடுகளே வெக்கையை உள்ளே மறைத்து வைத்திருந்து மாடுகளுக்குத் திருப்பித் தருகின்றன என்று பலர் கருதினர். மாட்டைக் காத்த வெள்ளாட்டின்மீது இவ்வாறு பழி வந்து சேர்ந்தது.

1987-இல் விழுப்புரம் பக்கத்திலுள்ள அரசூரில், அப்போது அது தென்னார்க்காட்டு மாவட்டம், செம்மறியாடுகளிடையே ஒரு நோய் கண்டது. அதனை நுணுகி ஆய்ந்தபோது, அது வெக்கையன்று, வெக்கைக்கு நெருங்கிய உறவினதான வேறொரு கிருமியால் வரும் நோய் என்பது தெளிவாயிற்று. 1942-இல் மேற்காப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதன்முதல் விவரிக்கப்பட்ட அந்நோய் இந்தியாவில் இருப்பதாக அதுவரை ஒருவரும் அறிந்திலர். 1989-இல் இச்செய்தி உலகறிய வெளியிடப்பட்டது. இன்று தமிழில் அதனை ஆட்டுக்கொல்லி நோய் என்கிறோம். ஆடுகளுக்கு வெக்கையே வருவதில்லை என்பதன்று. தென்னாட்டில் அதுவும் வந்ததுண்டு. ஆனால் வெக்கை என்று எழுதப்பட்ட ஆட்டுச் சாவுகள் எல்லாம் வெக்கையல்ல என்பதும், இரண்டையும் வேறு பிரித்து அறியாவிடில் எங்கே வெக்கை இருக்கிறது என்றே சொல்ல இயலாது என்பதும் அன்று புலனாயின. கண்ணால் கண்டு பெயரிடுவது போதவில்லை. குருதியையும் சளியையும் ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு அறியும் முறை அதன்பின் வலுப்பெற்றது. நேயர்களே, என் பழைய கோப்பில் இரு நோய்களுக்கும் ஒரே சொல் இருந்தது என்றேன் அல்லவா? அதனைக் கண்டு முதலில் நான் எள்ளி நகைத்தேன். மொழிபெயர்த்தவரை மட்டும் குறை கூறுவது முறையன்று என்று பிறகு உணர்ந்தேன்.

1992-இல் ஐரோப்பிய சமூகத்தின் உதவியோடு திட்டம் புதிய உருவில் தொடங்கப்பட்டது. ஊசி போடுவதைக் காட்டிலும் தேடுவதே இப்போது பெரிய வேலை. பணியாளர் ஊர் ஊராகச் சென்று, வீடு வீடாக நுழைந்து, ‘உங்கள் மாட்டுக்குக் கண்ணில் நீர் வடிந்ததா, கழிச்சல் உண்டா, அண்மையில் எங்கேனும் மாடு வாங்கினீர்களா’ என்று கேட்டனர். மாடுகள் நடத்திச் செல்லப்படும் வழிகளிலும் தேடினர். சித்தூர் மாவட்டத்திலும் அவ்வாறே. நான் அப்போது பள்ளிச் சிறுவன். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒருவர் அமர்ந்து, தடித்த பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்ததை நினைவுகூர்கிறேன். பாட்டியார் அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, ‘வெக்கையா? அது வந்தால் உமக்கு முன்னே எனக்குத் தெரியுமே, தம்பி’ என்றார். அந்த மனிதர் அதையும் எழுதிக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. எழுதியிருந்தால் தவறில்லை.

இனி, என்னை வியப்பில் ஆழ்த்தியதாகத் தொடக்கத்தில் கூறிய செய்திக்கு வருகிறேன். இந்தியாவில் பதிவான கடைசி வெக்கை 1995-ஆம் ஆண்டில் கண்டது. கண்ட இடம், அந்நாளில் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று வழங்கிய நிலப்பகுதி. காசுமீரமன்று, அசாமன்று, பரந்த இந்நாட்டில் நெடுங்காலம் திரிந்த ஒரு கொடுநோய் கடைசியாகக் கால்வைத்த மண் நம் வட ஆர்க்காட்டு மண். தடுப்பு மருந்து செய்த இராணிப்பேட்டை நிலையமும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. மருந்துக்கு அண்மையில் இருப்பதும் நோய்க்குச் சேய்மையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அதன்பின் செய்தது என் எண்ணத்தில் எல்லாவற்றினும் துணிவான செயல். ஊசி போடுவதை நிறுத்திவிட்டனர்! ஊசி போட்ட மாட்டின் குருதியில் எதிர்ப்பாற்றல் இருக்கும். நோய் வந்து பிழைத்த மாட்டின் குருதியிலும் அதே எதிர்ப்பாற்றல் இருக்கும். இரண்டையும் வேறுபடுத்த இயலாதாகையால், ஊசி தொடரும் வரை ‘எங்கள் நாட்டில் நோய் இல்லை’ என்று மெய்ப்பிக்க முடியாது. நாற்பது ஆண்டுகளாக எந்தக் கேடயத்தை நம்பி வாழ்ந்தோமோ அதனைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கும் கன்றுகள் யாவும் காப்பின்றி வளரும். ஒரே ஓர் ஊரில் கிருமி ஒளிந்திருந்தால் போதும். அவ்வாறு காத்திருந்த ஆண்டுகளில் தேடுதலும் குருதிச் சோதனையும் ஓயவில்லை. வெக்கை வரவில்லை. 2004-இல் நோய் நீங்கிய நாடு என்றும், 2006-இல் கிருமியும் நீங்கிய நாடு என்றும் உலகக் கால்நடை நல அமைப்பு இந்தியாவை ஏற்றது. 2011-இல் உலகம் முழுவதும் வெக்கை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்கு வந்த பெரியம்மைக்குப் பிறகு இவ்வுலகிலிருந்து துடைக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே. கிருமி மட்டும் விரல்விட்டு எண்ணத்தக்க சில ஆய்வகங்களில் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வகத்தார் தம்மிடமிருந்தவற்றை 2019-இல் அழித்துவிட்டனர்.

பெரியம்மை ஒழிந்தது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். வெக்கை ஒழிந்தது மாடு வளர்ப்போருக்கே தெரியாது. சென்ற முறை ஊருக்குச் சென்றபோது, பால் சங்கத்துக்குப் பாத்திரத்தோடு வந்திருந்த இளைஞர் சிலரிடம் வெக்கை என்றால் என்னவென்று கேட்டேன். கோடை வெயிலைச் சொல்கிறேன் என்று அவர்கள் எண்ணினர். ‘ஆமாம் ஐயா, இவ்வாண்டு வெக்கை அதிகம்’ என்றார் ஒருவர்.

ஆட்டுக்கொல்லியோ இன்னும் நம்மிடையே உள்ளது. 2030-ஆம் ஆண்டிற்குள் அதனையும் உலகிலிருந்து ஒழிப்பது என்று நாடுகள் குறிக்கோள் கொண்டுள்ளன. மாட்டைவிட ஆட்டில் இது கடினம். ஆடுகள் ஆண்டுதோறும் குட்டிகளை ஈன்று பெருகும். பாதி விற்பனைக்குப் போகும். இன்று ஊசி போட்ட மந்தை அடுத்த ஆண்டு அதே மந்தையாக இராது. ஆடு வைத்திருப்போரும் பெரும்பாலும் நிலமற்ற ஏழைகள். பத்து ஆடு போனால் அவ்வீட்டில் ஒரு பெண்ணின் திருமணம் தள்ளிப்போகும். இந்நோய்க்கான தடுப்பு மருந்துகளுள் ஒன்றைச் சென்னையிலுள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியுள்ளனர். அதற்குரிய கிருமி வகையின் பெயர் ‘அரசூர் 87’. அன்று என் மேசைமேல் இருந்த சுற்றறிக்கையில் அப்பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. அதனை மட்டும் நான் எந்த அகராதியையும் பாராமல் தமிழில் எழுதினேன்.